உலக்கைப் பாடம்

வெளிநாடு செல்லும் நண்பர்கள் இப்போதெல்லாம் ஊர் பார்ப்பதோடு சமையல் வகுப்பிலும் சேர்ந்துவிடுகிறார்கள். சியோல் சென்று திரும்பிய ஒருவர் கிம்ச்சி போடக் கற்ற கதையை எங்களிடம் விரிவாகச் சொன்னார். குளிர்காலத்துக்கென உற்றாரும் அயலாரும் கூடிக் கிம்ச்சி போடும் அந்த நாட்டு வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கேட்டிருந்த எங்களுக்குச் சற்று வெட்கமாயிருந்தது. கணவன் மனைவி இருவருமே தமிழ் கற்பிப்பவர்கள். தினையும் சாமையும் வகுப்பில் ஓயாமல் எங்கள் நாவில் புழங்குகின்றன. ஒரு பிடிச் சாமையைச் சோறாக்க மட்டும் தெரியாது.

அந்த விடுமுறையில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறினோம். அங்கே ஊர்களின் தொகுதியை நாடு என்பார்கள். குண்டூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எங்களுக்குக் கற்றுத்தர இசைந்திருந்தார்.

அடுப்படிக்குப் போவோம் என்று நினைத்தோம். அவரோ முற்றத்து உரலைக் காட்டினார். சாமையைக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மீண்டும் உரலிலிட்டுக் குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும். மெல்லக் குத்தினால் உமி கழலாது. கால் மணி நேரத்தில் எங்கள் உள்ளங்கைகள் சிவந்தன. பிறகு நீரில் அலசிக் கல் அரித்தார். கொதித்த உலையில் இட்ட சாமை விரைவில் வெந்தது. விறகை வெளியே இழுத்துத் தணலில் சற்று நேரம் விட்டார். மொச்சைக் குழம்போடு உண்டோம். சமைத்த நேரத்தைவிடக் குத்திய நேரமே பன்மடங்கு.

"இப்பவும் தினம் இதுதானா ஆத்தா?" என்று கேட்டோம்.

"எங்க கண்ணு? ரேசன் அரிசி வந்தப்புறந்தான் என் தோளு தப்பிச்சுது" என்று சிரித்தார்.

சிறுதானியம் மறைகிறதே என்று வருந்த வந்த எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. 2011இல் தமிழகத்தில் விலையில்லா அரிசி வந்தது. மலைக்காடுகளில் மரவள்ளி பரவி, கிழங்கு சேகோ ஆலைகளுக்கு இறங்கியது. இவற்றை நாம் சரிவு என்கிறோம். அவருக்கோ அதில் ஓய்வும் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க முற்பட்டபோது உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்ததன் காரணம் எங்கள் கைகளுக்கு அன்று விளங்கிற்று.

குறுந்தொகையில் பரணரின் 89ஆம் பாடலில், உரலில் குத்தும் பெண்ணின் வள்ளைப்பாட்டும் கொல்லிப்பாவையும் ஒருங்கே வருகின்றன. பாவை உவமையைப் பல ஆண்டுகள் சுவைபட விளக்கியிருக்கிறோம். குத்தும்போது பாடுவீர்களா என்று ஆவலோடு கேட்டோம்.

"பாடாம? கோழி கூப்பிடறப்ப எந்திரிச்சுக் குத்தோணும். பாடலீன்னா தூங்கி விழுந்துருவோமே" என்றார்.

இந்த ஆண்டும் அப்பாடல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாவையைப் பற்றிப் பேசுமுன், உலக்கை என்ன கனமிருக்கும் என்று மாணவர்களிடம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு ஓர் உலக்கையை எடுத்துச் சென்றோம்.