ஆளில்லா அழகு

மலைநாட்டிலே பிறந்தோருக்கு ஸ்கொத்லாந்து புதிய பெயரன்று. எடின்பரோ, கிளாஸ்கோ, பல்மோரல், டன்கெல்ட், இன்வெர்னெஸ், ஹோலிரூட் என்பனவெல்லாம் எமக்குத் தோட்டங்களின் பெயர்கள். பூகோள பாடத்திலே அவற்றைக் கற்பதற்கு முன்னரே பெரட்டுக் களத்திலும் சம்பளச் சீட்டிலும் அவற்றை அறிந்துகொண்டவர் நாம். ஆறாம் வகுப்பிலே தேசப்படப் புத்தகத்தை விரித்து, வடகடலின் ஓரத்தில் எடின்பரோ என்ற பெயரைக் கண்டபோது, அயல் தோட்டத்தின் பெயரை யாரோ திருடிச் சென்று அங்கே வைத்துவிட்டார்கள் என்றே நாம் எண்ணினோம். ஆசிரியர் சிரித்தார். அது மறுதலையாக நிகழ்ந்தது என்பது பின்னர்தான் புரிந்தது.

அந்த நாட்டை நேரிற் காணும் வாய்ப்பு சென்ற ஆண்டின் ஆகஸ்ட் விடுமுறையில் எமக்குக் கிட்டியது. கிளாஸ்கோவில் தாதியாகப் பணிபுரியும் எமது தமக்கையார் விமானச் சீட்டுக்குப் பணம் தந்தார். அதோடு நில்லாது, மலைப்புறத்தையும் தீவுகளையும் மூன்று நாட்களிற் காட்டும் ஒரு சிறு பஸ்ஸில் இடமும் பதிவு செய்து தந்தார். "தம்பி, உன் சம்பளத்தில் இதெல்லாம் இந்தப் பிறவியில் ஆகாது; போய்ப் பார்த்து வந்து பிள்ளைகளுக்குச் சொல்லு" என்றார். சம்பளத்தைப் பற்றி அவர் கூறியது சரியே. ஆதலால் மறுக்கவில்லை.

பஸ்ஸிலே பதினாறு பேர் இருந்தோம். சாரதியே வழிகாட்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கட்டம் போட்ட கில்ட் உடுத்தியிருந்தார். கதை சொல்வதிலே வல்லவர். கிளென்கோப் பள்ளத்தாக்கில் பஸ்ஸை நிறுத்தி, 1692 பெப்ரவரி 13 அதிகாலையில் அங்கு நிகழ்ந்த கொலையைச் சொன்னார். பன்னிரண்டு நாட்களாக மக்டொனல்ட் குடியினரின் வீடுகளில் உண்டு உறங்கிய அரச படையினர், விருந்தளித்த அக்குடியினரில் 38 பேரைக் கொன்ற கதை அது. கேட்டோர் கண் கலங்கினர். சிறிது நேரத்தின் பின்னர் கிளென்பினனின் 21 வளைவுகள் கொண்ட புகையிரதப் பாலத்தின் கீழே, திரைப்படத்திற் கண்ட நீராவி வண்டிக்காகக் காத்துநின்று படம் பிடித்தோம். நாமும் பிடித்தோம். மலேக் துறையிலிருந்து கப்பலேறி ஆர்மடேலில் இறங்கியபோது, ஸ்கை தீவின் மலைகள் ஊதா நிறப் பூக்களைப் போர்த்திக் கிடந்தன. அழகிற் குறை சொல்ல எவராலும் முடியாது.

ஆயினும் முதல் நாளிலேயே ஏதோ ஒன்று எம்மை உறுத்திற்று. மணிக்கணக்காக ஓடியும் பள்ளத்தாக்குகளிலே வீடுகளைக் காணவில்லை. மலை, நீர், ஆடு, மீண்டும் மலை. "ஐரோப்பாவின் கடைசி வனாந்தரம் இது; இந்த அமைதிக்காகத்தான் உலகம் இங்கே வருகிறது" என்றார் வழிகாட்டி. தமிழ் படித்த மனம் இதனை ஏற்க மறுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் மரமும் மாவும் மக்களின் தொழிலும் கருப்பொருள். மக்களின் வாழ்வு உரிப்பொருள் என்பது தொல்காப்பியம் கற்பிக்கும் பாடம். மூன்றினுள்ளும் உரிப்பொருளே சிறந்தது என்பது அந்நூலின் துணிபு. இங்கோ முதற்பொருள் உண்டு, கருப்பொருளிலே ஆடு உண்டு, உரிப்பொருளைக் காணோம். மனிதர் வாழ முடியாத பாலைவனமா இது? ஆறு ஓடுகிறது, புல் விளைகிறது. பின் ஏன் ஆளில்லை?

அன்று மாலை, தங்குமிடத்தின் உணவு மேசையிலே, எம்மோடு வந்த தம்பதியர் எமது ஊரை விசாரித்தனர். இலங்கை என்றதும் முகம் மலர்ந்தனர். அவர்கள் இரண்டாண்டுகளுக்கு முன்னர் நுவரெலியாப் பக்கம் வந்து, பழைய துரை பங்களா ஒன்றில் ஐந்து நாட்கள் தங்கிச் சென்றவர்கள். "எவ்வளவு அமைதி! ஆளரவமே இல்லை!" என்று கூறி, கைத்தொலைபேசியிலிருந்த படமொன்றைக் காட்டினர். பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற மலைச்சரிவு. அதன் மூலையிலே கூடை சுமந்த பெண்ணொருத்தி. குனிந்திருந்தமையால் முகம் தெரியவில்லை.

எமது தாயார் முப்பத்தொரு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் என்பதை அவர்களிடம் கூறினோம். அவர்கள் நல்லவர்கள், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டனர். ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி, எங்கே குடியிருந்தீர்கள், வீடு யாருடையது என்று கேட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் அறுவர் வாழ்ந்ததையும், அதன் சுவரில் ஓர் ஆணியும் எமக்குச் சொந்தமில்லை என்பதையும் சொன்னோம். அவர்கள் அந்தப் படத்தை மீண்டும் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஆளரவம் இல்லை என்று அவர்கள் கூறிய மலையிலே ஆயிரம் பேர் வாழ்வதை நாம் அறிவோம். அப்படியாயின், ஆளில்லை என்று எமக்குக் காட்டப்படும் இந்த மலையின் கதைதான் என்ன?

மறுநாள் ஸ்கையில், தேநீருக்காக நிறுத்திய இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தோம். புல்லுக்குள்ளே கற்கள் வரிசையாகக் கிடந்தன. உற்று நோக்கினால் சுவரின் அடித்தளம். அதற்கப்பால் இன்னொன்று, அப்பாலும் ஒன்று. காலடியால் அளந்து பார்த்தோம். எமது லயக் காம்பிராவினும் சற்றே பெரிது. திரும்பி வந்து வழிகாட்டியிடம், "இங்கே வாழ்ந்தோர் எங்கே போயினர்?" என்று கேட்டோம். அவர் எம்மை ஒரு கணம் பார்த்தார். "இதைச் சொன்னால் பயணிகளின் முகம் வாடிவிடும் என்று, கேட்டாலொழிய நான் சொல்வதில்லை. நீர் கேட்டுவிட்டீர்" என்றார். போர்ட்ரீயிலே கம்பளிக் கடைக்கென ஒதுக்கியிருந்த ஒரு மணி நேரத்தை விட்டுத்தர இசைவா என்று மற்றவர்களைக் கேட்டார். இசைந்தனர். பஸ் தெற்கே பிரேஸ் என்ற சிற்றூரை நோக்கித் திரும்பிற்று.

வழியிலே அவர் சொன்ன வரலாற்றிற் பேய்களும் இல்லை, இளவரசர்களும் இல்லை. குடித்தலைவனும் குடிமக்களும் ஒரே இரத்தம், நிலம் எல்லோருக்கும் உரியது என்று நம்பி வாழ்ந்த சமூகம் அது. 1746இல் கலோடன் களத்திலே அச்சமூகத்தின் படைபலம் முறிந்தது. தலைவர்கள் நிலப்பிரபுக்களாயினர், உறவு வாடகையாயிற்று. மனிதரினும் ஆடு கூடுதலான வருவாய் தரும் என்ற கணக்குப் பிறந்ததும் ஊர்கள் கலைக்கப்பட்டன. 1814இல் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், மீண்டும் குடியேறாதபடி கூரை மரங்களுக்குத் தீயிட்டனர். அதனை நடத்திய பட்ரிக் செல்லர் என்பவன் 1816இல் இன்வெர்னெஸ் நீதிமன்றில் நிறுத்தப்பட்டான், விடுதலையும் பெற்றான். 1846இல் உருளைக்கிழங்கு நோய் வந்தது, பஞ்சம் வந்தது. எஞ்சியோரிற் பலர் கப்பலேறினர்.

பிரேஸ் பாதையோரத்திலே ஒரு கற்குவியல் நினைவுச்சின்னமாக நிற்கிறது. பரம்பரையாக ஆடுமாடு மேய்த்த பென் லீ மலையை நிலப்பிரபு பறித்துக்கொண்டான். 1882இல் இவ்வூரார் வாடகை தர மறுத்தனர். வெளியேற்றக் கட்டளையைக் கொண்டுவந்த அதிகாரியை மறித்து, அக்கடதாசிகளை எரித்தனர். ஏப்ரலில் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பொலிசார் வந்தனர். கல்லெடுத்து எதிர்த்து நின்றவர்களிலே பெண்களே முன்னணி. பொலிசாரின் தடியடியில் அவர்கள் மண்டை உடைந்தது; ஆடவர் சிலர் சிறைப்பட்டு அபராதம் செலுத்தினர். ஆனால் நாடு விழித்தது. 1883இல் ஆணைக்குழு ஒன்று ஊரூராகச் சென்று ஏழைகளின் வாக்குமூலத்தைக் கேட்டது. 1886இற் பிறந்த சட்டம் அவர்களுக்கு நிலைத்த குடியுரிமையையும் நியாயமான வாடகையையும் தந்தது. சின்னஞ்சிறு காணியிலே பயிரிடும் அக்குடியானவனை இனி எவரும் விரும்பியவாறு விரட்ட முடியாது.

கற்குவியலுக்கு எதிரே, ஒடுங்கிய கடலுக்கு அப்பால் ராசே தீவு தெரிந்தது. அத்தீவிலே பிறந்து 1996 வரை வாழ்ந்த கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மக்லீன் எம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். பாட்டாளிகளின் பக்கம் நின்றவர். இறுதிக் காலத்திலே இந்தப் பிரேஸில் வாழ்ந்தவர். ஹாலெக் என்ற பாழூரைப் பற்றி 1954இல் அவர் வெளியிட்ட கவிதையிலே, விரட்டப்பட்ட பெண்கள் பேர்ச் மரங்களாக நின்று நடக்கின்றனர். உரிப்பொருளை இழந்த நிலத்துக்கு அதனை மீட்டுக் கொடுத்த கவிதை அது.

அந்த ஹாலெக்கைக் கலைத்தவன் யார்? அங்கேதான் எமக்கு ஒரு கதவு திறந்தது. 1840களிலே ராசேயை விலைக்கு வாங்கிய ஜோர்ஜ் ரெய்னி, தென்னமெரிக்காவின் டெமராராவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களாற் செல்வம் சேர்த்தவன். அடிமை முறை ஒழிந்தபோது நட்டஈடும் பெற்றவன். லூயிஸ் தீவை 1844இல் வாங்கிய ஜேம்ஸ் மதசன் சீனருக்கு அபின் விற்றுப் பணம் திரட்டியவன். அடிமைக்குப் பதிலாக இந்தியக் கூலிகள் அதே டெமராராவுக்கு 1838 முதல் ஏற்றிச் செல்லப்பட்டனர். எமது பாட்டனார்களை இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு இழுத்து வந்ததும் அக்காலமே. கின்காடின்ஷயரிலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். ராசேயின் ஏழைகள் எமக்குத் துரையாக வரவில்லை, அதனை மறத்தலாகாது. ஆனால் ஒரு மலையிலிருந்து மனிதரை நீக்கிய பணமும், இன்னொரு மலையில் மனிதரைக் கொண்டுவந்து அடைத்த பணமும் ஒரே வகைப் பணமே. இலாபம் கேட்டால் ஆள் வேண்டும். இலாபம் மறுத்தால் ஆள் வேண்டாம்.

எம்மோடு வந்தோருள் எழுபது கடந்த அவுஸ்திரேலிய மூதாட்டி ஒருவர் இருந்தார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளிலே ஸ்கையிலிருந்து கப்பலேறிய ஒரு குடும்பத்தின் வழிவந்தவர். கற்குவியலைத் தொட்டபடி நின்று அழுதார். நாம் ஆறுதல் கூற முற்பட்டபோது அவர் தலையசைத்தார். "ஆசிரியரே, என் முன்னோர்கள் சென்று இறங்கிய மண்ணையும் ஆளில்லாத மண் என்றுதான் அரசு சொல்லிற்று. அங்கே ஆட்கள் இருந்தார்கள். என் முன்னோர்கள் அங்கே ஆடு வளர்த்தார்கள்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. விரட்டப்பட்டவன் என்பதனால் மட்டும் ஒருவன் நீதியாளனாகிவிடுவதில்லை என்ற உண்மையை, எந்த நூலும் எமக்கு இத்துணைச் சுருக்கமாகக் கற்பிக்கவில்லை.

மூன்றாம் நாள் எயிலியன் டொனன் கோட்டையையும் நெஸ் ஏரியையும் கண்டு கலோடன் வழியாகத் திரும்பினோம். 1719இற் தகர்ந்து, 1932இற் கட்டி முடிக்கப்பட்ட கோட்டையை அஞ்சலட்டைகளிலே பார்த்துப் பழமையின் சின்னமெனக் கொண்டிருந்தோம். இப்போது பஸ்ஸிலே வழிகாட்டியின் பேச்சு மாறியிருந்தது. 1872இன் கல்விச் சட்டத்தில் கேலிக் மொழிக்கு இடமில்லாது போனதையும், தாய்மொழி பேசியதற்காகத் தம் பாட்டி வகுப்பிலே அடிவாங்கியதையும் சொன்னார். 1973இல் ஸ்கையில் நிறுவப்பட்ட சபால் மோர் ஒஸ்டேக் கல்லூரியிலே இன்று அதே மொழியிற் பட்டக்கல்வி நடைபெறுவதையும், 1997இல் ஈக் தீவை அதன் குடிமக்களே கூட்டாக வாங்கித் தமதாக்கிக்கொண்டதையும் பெருமையோடு கூறினார். பெருமை முடிந்ததும் பெருமூச்சு வந்தது. "இன்று எம்மை விரட்டுவது ஆடு அன்று, விடுமுறை வீடு. என் மகனுக்கு இந்தத் தீவிலே வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. உங்களை அழைத்து வந்துதான் நான் பிழைக்கிறேன், உங்களை அழைத்து வருவதனால்தான் அவனுக்கு அறை இல்லை" என்றார். அந்த முரண்பாட்டுக்கு எம்மிடம் விடையில்லை. எமது ஆசனத்தின் விலையும் அதனுள் அடங்கியிருந்தது.

விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்பினோம். மாணாக்கர் படங்களைக் கேட்டனர், காட்டினோம். பின்னர் பத்தாம் வகுப்புக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தோம்: "எமது லயத்திலே முன்னர் வாழ்ந்தோர் யார்? அவர்கள் எங்கே போயினர்?"

1948இல் எம்மவரின் குடியுரிமை பறிபோனது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்று எண்ணிப் பிரித்தது. இவை வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரிகள். அந்த இரண்டு வரிகளுக்குள் யார் யார் இருந்தனர் என்பதை எமது பிள்ளைகள் கேட்டதில்லை. நாமும் கேட்கச் சொன்னதில்லை.

ஒரு வாரத்தின் பின் கட்டுரைகள் வந்தன. ஒரு மாணவி ஒன்றரைப் பக்கமே எழுதியிருந்தாள். அவர்களுடைய அடுத்த காம்பிராவில் இருந்த குடும்பம், அவளுடைய பாட்டி இளமையாயிருந்த காலத்திலே, தலைமன்னாரிற் கப்பலேறிற்றாம். போகும்போது அம்மியைத் தூக்கிச் செல்ல முடியாமல் பாட்டியிடம் விட்டுச் சென்றார்களாம். திரும்பி வந்தால் கொடுக்கவேண்டும் என்று பாட்டி அதனை இன்னமும் தனியே வைத்திருக்கிறாளாம், அதிலே அரைப்பதில்லையாம்.

அந்தக் குடும்பத்தாரின் பெயர்களையும் அவள் எழுதியிருந்தாள். ஐந்து பெயர்கள். கட்டுரைக்குப் புள்ளியிடுமுன் அவற்றை ஒருமுறை உரக்க வாசித்தோம்.