610 குதிரைகளுக்குப் பின்னால்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. குரூப் 4 தேர்வு நாள். என் ஸ்கூட்டரின் பின்னால் எங்கள் மாலை வகுப்பில் படித்த தங்கை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஹால் டிக்கெட், ஆதார், இரண்டு கறுப்புப் பேனா. பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் படிப்பு என்று ஒரு வருடம் ஓட்டியவள். இது அவளுக்கு இரண்டாவது முயற்சி.

தேர்வு ஒன்பதரைக்கு. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மையம் திருவான்மியூர் பக்கம் ஒரு பள்ளி. ஏழு மணிக்கே கிளம்பியிருப்போம், பின்சக்கரம் பஞ்சர். கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, ஒட்டி முடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலம் ஏறும்போது மணி எட்டு இருபது. இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

பாலம் இறங்கியதும் முன்னால் இரண்டு கார்கள். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, இரண்டு தடத்தையும் அடைத்தபடி பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. கறுப்புக் காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, மஞ்சள் காரைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. என் ஸ்கூட்டரின் முள் 35ஐக் காட்டியது. ஹாரன் அடித்தேன். எனக்குப் பின்னால் பால் வண்டிக்காரரும் அடித்தார். இடது ஓரத்தில் மணல், இளநீர்க் கடை, நிறுத்தி வைத்த வண்டிகள். பின்னால் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா, அந்த மஞ்சள் வண்டி லம்போர்கினி ஹுராகான்" என்றாள் பின்னாலிருந்து. தம்பி போனில் விளையாடும் கார் கேமில் பார்த்துப் பழகிய பெயராம்.

"எதுவா இருந்தா என்னம்மா, நகரமாட்டேங்குதே!" என்று கத்தினேன்.

அப்படி நாலைந்து கிலோமீட்டர். பெரிய நேரமில்லை, நாலு நிமிடம்கூட இழந்திருக்கமாட்டோம். ஆனால் அந்த நாலு நிமிடத்தில் எனக்கு வந்த ஆத்திரம் சாதாரணமானதல்ல. சமூகப் பணியில் இருப்பவள், பத்து வருடமாகத் தாலுகா அலுவலக வாசலில் காத்திருந்தே பழகியவள். எனக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் அப்படி எரிந்தது?

அதை யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் காருக்கு நியாயம் செய்துவிடுவோம். எங்கள் பகுதித் தம்பி ஒருவர் சென்னையில் விலையுயர்ந்த கார்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டேன். சிரித்தார். "அக்கா, அந்த வண்டி ஓட்டுறவங்க ரோட்டைப் பார்த்தே பாதி உயிரை விடுவாங்க" என்றார். அந்த மாதிரி காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சுமார் 13 சென்டிமீட்டர்தான் இடைவெளி. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்தில், நீளமான வளைவாக இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதி சொல்கிறது. நம் ஊர் வேகத்தடைகளை யார் அளந்து போட்டார்கள்? ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய கான்கிரீட் மேடு அது. மூக்கைத் தூக்கிக்கொள்ள சில கார்களில் பட்டன் இருக்கிறதாம், அதுவும் மெதுவாகப் போனால்தான் வேலை செய்யுமாம். டயரின் பக்கச் சுவர் மெலிசு, ஒரு பள்ளத்தில் விட்டால் ரிம்மே போய்விடும். பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.

சரி, அதனால் மெதுவாகப் போகிறார்கள். ஆனால் அன்று எங்கள் முன்னால் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. வழுவழுப்பான சாலை. அவர்கள் வீடியோவுக்காக மெதுவாகப் போனார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஹுராகானின் முதல் மாடலில் 5.2 லிட்டர் இன்ஜின், பத்து சிலிண்டர், 610 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.2 வினாடி. என் ஸ்கூட்டரில் சுமார் எட்டுக் குதிரைகள். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, விரைவுச்சாலையில்கூட காருக்கு உச்ச வேகத்தை 120 என்றுதான் வைத்தது. அந்தக் காரின் பலத்தில் பெரும்பகுதியை இந்த நாட்டின் எந்தச் சாலையிலும் சட்டப்படி பயன்படுத்தவே முடியாது. தெரிந்தேதான் வாங்குகிறார்கள். முழுதாக இறக்குமதியாகும் இத்தகைய கார்களுக்குப் பல ஆண்டுகள் 100 சதவீதம் சுங்க வரி இருந்தது. ஒரு கார் விலைக்கு இன்னொரு கார் விலையை வரியாகக் கட்டியும் வாங்கினார்கள்.

எம்.ஏ. படிக்கும்போது தோர்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்க அறிஞரைப் படித்திருக்கிறேன். ஓய்வு வர்க்கம் பற்றி 1899இல் அவர் எழுதிய புத்தகத்தை நம் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். பணக்காரர்கள் ஒரு பொருளை வாங்குவது பயனுக்காக மட்டுமல்ல, வீணாக்க வசதி இருக்கிறது என்று பிறருக்குக் காட்டவும்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். பரீட்சைக்காகப் படித்தபோது புரியாதது முட்டுக்காட்டில் புரிந்தது. 610 குதிரையையும் ஓட்டிவிட்டால் அது வாகனம். 600 குதிரையைச் சும்மா கட்டி வைத்துப் பத்துக் குதிரையில் போனால் அது அந்தஸ்து. வேகமாகப் போனால் யார் பார்ப்பது? நம் ஊர்த் தேர் என்றைக்காவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? தேர் அசைந்து அசைந்துதான் வரும். எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். அந்தத் தேர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை என்பது வேறு கதை.

வேறு கதைதானா? அங்கேதான் என் ஆத்திரத்தின் வேர் அகப்பட்டது.

அப்பா கொத்தனார். அவரிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. முன்னால் நான், பின்னால் அம்மா, கரணையும் மட்டப்பலகையும் போட்ட பை ஒரு பக்கம் தொங்கும். ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினால்தான் அந்த வண்டி மேட்டில் ஏறும். தன்னிடம் இருந்த பலம் மொத்தத்தையும் தினமும் கொடுத்த வண்டி அது. அப்பாவும் அப்படித்தான்.

அந்த வண்டியில் அம்மாவின் ஊருக்குப் போவோம். ஊர்த்தெரு முனை வந்ததும் அப்பா இன்ஜினை அணைத்துவிடுவார். எல்லோரும் இறங்குவோம். தெருவின் மறுமுனைவரை தள்ளிக்கொண்டே நடப்பார். அதைத் தாண்டியதும் மறுபடி மிதித்து ஸ்டார்ட் செய்வார். எனக்கு ஆறேழு வயது. "ஏம்பா எறங்கணும்?" என்று கேட்பேன். "பெட்ரோலை மிச்சம் பண்றேன் கண்ணு" என்பார். ரொம்ப நாள் அதை நம்பினேன். எங்கள் அப்பா சிக்கனமானவர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தெருவில் நாங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, மெதுவாகப் போவதில் இரண்டு வகை இருக்கிறது. எங்கள் அப்பா மெதுவாகப் போனது, போகவிடாததால். மஞ்சள் கார்க்காரர் மெதுவாகப் போனது, அவரை யாரும் எதுவும் கேட்கமுடியாது என்பதால். பார்க்க இரண்டும் ஒரே வேகம்தான். என் உடம்புக்கு மட்டும் அந்த வித்தியாசம் மூளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. சாலை யாருடையது என்ற பழைய கேள்விதான் ஹாரனாக வெளியே வந்தது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர், "அப்படியானால் அவர்கள் வேகமாகப் போகட்டும் என்கிறீர்களா அக்கா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தேர்வுக்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, 2024 மே 19 அதிகாலை, புனேவில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் செத்துப்போனார்கள். சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்து, அந்தப் பையனுக்கு முதலில் ஜாமீன் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது என்னையும் என் பின்னால் உட்கார்ந்திருந்தவளையும் போன்றவர்கள்.

எனவே நான் வேகத்தைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தின் முன்னால், சந்தைக்கு நடுவே எந்தக் காராக இருந்தாலும் ஊர்ந்து போகட்டும், கையெடுத்துக் கும்பிடுவேன். நான் கேட்பது வழி. உனக்கு அவசரமில்லை என்றால் இடதுபக்கம் ஒதுங்கு. உன் பின்னால் வருகிறவருக்கு ஒன்பது மணிக்குக் கேட் மூடிவிடும். பால் கெட்டுவிடும். ஷிப்ட் போய்விடும். வேகத்தை வாங்கி வைத்திருப்பவருக்கு அவசரம் இல்லை. அவசரம் இருப்பவரிடம் வேகம் இல்லை. இந்த நாட்டில் பணம் மட்டுமல்ல, நேரமும் இப்படித்தான் பங்கிடப்பட்டிருக்கிறது. அடுத்த முறை பேருந்துக்காக ஒரு மணி நேரம் நிற்கும்போது யோசித்துப் பாருங்கள். நம் மக்களின் ஆயுளில் எத்தனை வருடம் இப்படிக் காத்திருப்பதிலேயே போயிருக்கும்?

அன்று உத்தண்டிக்கு முன்னால் இரண்டு கார்களும் ஒரு காபிக் கடைப் பக்கம் திரும்பிவிட்டன. நான் ஆக்சிலேட்டரை அப்பா மாதிரி கடைசிவரை முறுக்கினேன். பள்ளி வாசலில் இறங்கும்போது எட்டு ஐம்பத்திரண்டு.

கேட்டுக்குள் ஓடப்போனவள் நின்று திரும்பினாள். "அக்கா, அந்த வண்டி சவுண்டு சூப்பரா இருந்துச்சு இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரம் முழுக்க எனக்குத்தான். அவளுக்கு அந்தப் பழைய தெரு தெரியாது, தெரியவும் வேண்டாம். அவளுக்கு அது ஒரு நல்ல இன்ஜின், அவ்வளவுதான்.

"வேலை கிடைச்சதும் என்ன வண்டி வாங்குவ?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு ஸ்கூட்டி. உங்கள மாதிரி யாரையாவது பரீட்சைக்கு ஏத்திட்டு வரணும்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.