பிரதி எங்கே இருக்கிறது?



போன மாதம் 5-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான்.

"சார், சர்வர் நின்னுபோச்சு. 7-ஆம் தேதி சம்பளம் போடணும். பாகலூர், சூளகிரி, அத்திப்பள்ளியிலிருந்து வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது? ஒரு ஃபைல்தான் டிஸ்க்கை அடைச்சிருக்கு. அழிச்சிடட்டுமா?"

எனக்கு சர்வர் தெரியாது. பதறிய கை பரீட்சைத் தாளில் சரியான விடையையும் அடித்துவிடும் என்பது தெரியும். "எதையும் அழிக்காதே, விடியட்டும்" என்றேன்.

பிறகு வீட்டுக்கு வந்து விளக்கினான். ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுகின்றன. அவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். நான்குக்கும் டிஸ்க் ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு முன் சம்பள மென்பொருளைப் புதுப்பிக்கும்போது ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து, அப்படியே விட்டுவிட்டான். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய ஃபைல் உறைந்து நிற்கும். அதன்பின் எழுதுவதெல்லாம் தனி ஃபைலில் சேரும். அது வளர்ந்து டிஸ்க்கையே நிரப்பியிருக்கிறது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விஎம்வேரின் அறிவுரை. அவன் அழிக்க நினைத்தது மூன்று மாதக் கணக்கை!

காலையில் அனுபவசாலி ஒருவர் வந்து, ஒரு மெஷினை வேறு டிஸ்க்குக்கு மாற்றி இடம் உண்டாக்கி, ஸ்னாப்ஷாட்டை முறைப்படி பழைய ஃபைலோடு இணைத்தார். 7-ஆம் தேதி மாலை சம்பளம் போனது.

"பேக்கப் இல்லையாடா?" என்றேன்.

"ஸ்னாப்ஷாட்தான் பேக்கப்னு நினைச்சேன் சார்."

திட்ட எனக்கு வாயில்லை. நானும் ஒரு காலத்தில் மதிப்பெண் பதிவேட்டையும் அதன் பிரதியையும் ஒரே மர அலமாரியில் வைத்தவன். கரையான் இரண்டையும் சேர்த்தே தின்றது. பழைய மதிப்பெண் கேட்டு வந்த ஒரு மாணவியை வெறுங்கையோடு அனுப்பினேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

பெரிய அரசுகளுக்கும் இது நேர்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அதிகாரிகளின் ஆவணங்கள் 858 டெராபைட் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்று வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லையாம்.

ஆகவே பிள்ளைகளே, வேலை முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை முறைப்படி நீக்குங்கள். டிஸ்க் நிரம்பும் முன்பே கவனியுங்கள். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

அந்த மாணவன் இப்போது சனிக்கிழமைதோறும் மீட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்புகிறான்: "திறந்தது சார்." அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்