மலையேறும் வண்டியும் என் பழைய மாணவனும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? ஒருமுறை கேமரன் மலைக்குப் போய் வாருங்கள். சென்ற விடுமுறையில் நான் குடும்பத்தோடு போய் வந்தேன். தேயிலையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என் மனத்தில் நின்றுவிட்டது ஒரு பழைய வண்டி.

1885-ஆம் ஆண்டு இம்மலைப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரரின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1931-இல்தான் திறக்கப்பட்டது. தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. ரிங்லெட்டை நெருங்கும்போதே குளிர் காதைத் தொடும். அங்கிருந்து பார்க்குமிடமெல்லாம் லேண்ட்ரோவர் வண்டிகள்தாம்! சதுரப் பெட்டி போன்ற உருவம், சேறு படிந்த சக்கரம், பின்னால் முட்டைக்கோசுக் கூடைகள்.

பிரிஞ்சாங்கில் எங்களுக்காகக் காத்திருந்தவன் என் பழைய மாணவன். எங்கள் தோட்டத்தில் பிறந்து, பிழைப்புக்காக மலையேறியவன். சொந்தமாக ஒரு பழைய லேண்ட்ரோவர் வைத்திருக்கிறான். வார நாளில் காய்கறி ஏற்றுகிறான். ஓய்வு நாளில் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை சுற்றுகிறான்.

"வாங்க சார், ஏறுங்க" என்றான். என் சின்ன மகள் பின்னால் நின்றுகொண்டு வருவேன் என்று அடம்பிடித்தாள். "கூடாதும்மா. உட்கார்ந்து, கம்பியைப் பிடிச்சுக்கணும்" என்று அவனே இறங்கிப்போய் உட்கார வைத்தான்.

வழியில் வண்டியைப் பற்றிக் கேட்டேன். முதல் லேண்ட்ரோவர் 1948-இல் வந்தது. போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் இரும்புக்குப் பஞ்சம். அதனால் மேல்கூட்டை அலுமினியத்தில் செய்தார்கள். மழையும் பனிமூட்டமும் விடாத மலையிலும் அது துருப்பிடிப்பதில்லை.

"ஆனா அடிச்சட்டம் இரும்பு, சார். வாங்கும்போது மேலே பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. கீழே படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்க்கணும்" என்றான்.

காய்கறித் தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதை வந்தது. முதல்நாள் மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. கீழே பார்த்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழ் வைத்த சிறு கைப்பிடியைப் பின்னால் இழுத்தான். இனி நான்கு சக்கரங்களும் சேர்ந்து, மெதுவாக, பலமாக இழுக்குமாம். முதல் கியரைப் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்தும் கிளட்சிலிருந்தும் காலை எடுத்துவிட்டான்!

"பிரேக்கை அழுத்தினா சக்கரம் நின்னு வழுக்கிடும், சார். இன்ஜினே பிடிச்சுக்கும். பயப்படாதீங்க."

வண்டி யானை இறங்குவதுபோல் அடியடியாக இறங்கியது. பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அன்று அவன் ஆசிரியர், நான் மாணவன்.

ஆறாம் வகுப்பில் இவனுக்குக் கணக்கு வராது. ஒருநாள் கணக்குப் புத்தகத்தில் லோரிப் படம் வரைந்துகொண்டிருந்தான். "நீ லோரிக்குப் பின்னால் ஓடத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. மலையிலிருந்து திரும்பும்வரை அந்த வார்த்தை என் தொண்டையில் நின்றது.

விடைபெறும்போது கேட்டேவிட்டேன்: "தம்பி, அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?"

சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"இருக்கு, சார். அந்தத் தாளையும் கிழிச்சுட்டீங்க. அதுலே கியர்பெட்டியைச் சரியான இடத்துலேதான் போட்டிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தப்பு என்னுடையதுதான், தம்பி" என்றேன். அவன் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி வாடகை எவ்வளவோ வற்புறுத்தியும் வாங்கவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிற பையன் ஒருவன் இருக்கலாம். பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள், அது வேண்டியதுதான். ஆனால் அவன் வரைந்ததைக் கிழிக்கும் முன், "இது என்னப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.