கரண்ட் வைத்த தொண்டை

பெரியப்பாவோடு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போன நாட்களில், நாகர்கோவில் பஸ் தம்பானூரில் இறக்கிவிட்டதும் முதலில் பழவங்காடிதான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் மெடிக்கல் காலேஜ் பஸ். "இவரு நம்ம ஊருக்காரருல்லா மக்கா, பத்மநாபபுரத்துலேருந்து பட்டாளத்தோட வந்தவரு" என்பார். இன்றும் அந்தக் கோயிலைப் பராமரிப்பது ராணுவம்தான்.

அங்கிருந்து சில எட்டு வைத்தால் சாலைக் கடைத்தெரு. வெற்றிலைக் கவுளிகளைப் பார்த்ததும் பெரியப்பாவின் கை மடியைத் தடவும். முறுக்கானும் சாராயமும் நாற்பது வயதுக்கு முன்பே அவரோடு ஒட்டிக்கொண்டவை. தொண்டையில் புற்று வந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, ஆறியும்விட்டது.

வாயைப் பார்த்தே உயிர் காக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது இந்தத் திருவனந்தபுரம் மாவட்டம். 1996 முதல், டாக்டர் ஆர். சங்கரநாராயணன் வழிநடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றால் வரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எத்தனை எளிய வேலை! ஆனால் டார்ச் வெளிச்சம் நாக்கோடு நின்றுவிடும், உணவுக்குழாய்க்குள் இறங்காது.

பெரியப்பாவுக்குச் சோறு இறங்காமல் போனபோது, "கரண்ட் வச்ச தொண்டை, அப்படித்தான் இருக்கும்" என்றார். பெரியம்மா சோற்றைக் குழைத்தாள்; பிறகு கஞ்சியாக்கினாள். கதிர்வீச்சால் தொண்டை சுருங்குவது உண்மைதான். அந்த உண்மையே இன்னொன்றை மறைத்துவிட்டது. ஸ்கோப் (எண்டோஸ்கோப்பி) போட்டபோது உணவுக்குழாயின் நடுவில் வேறொரு புற்று. பழையது பரவியதல்ல, தனியாக முளைத்தது.

1953-இல் அமெரிக்காவில் ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் 783 வாய்ப்புற்று நோயாளிகளை ஆராய்ந்து இப்படித் தனியாக முளைப்பதன் விளக்கத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். புகையிலையும் மதுவும் பட்ட பரப்பு முழுவதும் கெட்டுப்போகிறது. ஒரு களையைப் பிடுங்கினாலும் வயலில் விதை கிடக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அந்த ஒரே வயல்தான்.

ஜப்பானில் தொண்டைப் புற்றுக்காரர்களின் உணவுக்குழாயையும் தேடிப் பார்க்கிறார்கள். ஸ்கோப் வழியாக லூகால் அயோடினைத் தெளிப்பார்கள். நல்ல தோலில் கிளைக்கோஜன் இருப்பதால் அது பழுப்பாகும். கெட்ட இடம் நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். நெஞ்சு எரியும் என்பதால், சாயம் தெளிக்காமல் நீலமும் பச்சையுமான ஒளியில் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் முறையும் உண்டு. மேல்தோலோடு நிற்கும் புள்ளியை ஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம்.

பெரியப்பாவுக்கு அந்தக் கட்டம் எப்போதோ தாண்டியிருந்தது. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் குழாய். நன்றாகச் சுருங்கும் வரை சோற்றைத் தடுக்காது. விக்கல் எடுக்கட்டும், அடைக்கட்டும் என்று காத்திருப்பது தாமதத்துக்குத் தேதி குறிப்பது.

ஆகவே, வாயிலோ தொண்டையிலோ புற்று வந்தவர் வீட்டாருக்கு, அதிலும் குடியும் புகையிலையும் பழகியவர் வீட்டாருக்கு, ஒன்று சொல்கிறேன். சோறு நன்றாக இறங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "உணவுக்குழாயையும் ஒருமுறை பார்த்துவிடலாமா?"