அங்கே படகு, இங்கே தண்ணி

எங்க குரங்கணியில கொட்டகுடி ஆறு பாறை பாறையா இறங்கி ஓடும். காகிதக் கப்பல் விட்டாக்கூட அடுத்த பாறையில கவுந்துடும்! அதனாலதான் படகு கிளப்னா எனக்கு ஒரு ஆசை.

சென்னையில அடையாறு கரையில மெட்ராஸ் போட் கிளப் இருக்கு. 1867-ல ஆரம்பிச்சது. பாய்மரம் இல்லைங்க, துடுப்புப் படகு. (பாய்மரப் படகுக்கு 1911-ல துறைமுகத்துல தனி கிளப் வந்துச்சு.) கொழும்பு ரோயிங் கிளப்போட இவங்க மோதுற போட்டி 1898-லயே ஆரம்பிச்சாச்சு.

ஆனா அந்த ஆத்துல இப்போ ஊர்ச் சாக்கடையும் கலக்குது. அங்கே படகு இருக்கு, தண்ணி கெட்டுப்போச்சு. இங்கே படகு இல்ல, தண்ணி தெளிவா இருக்கு. மலை ஏற வர்றவங்க பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டே போனா அதுவும் போயிடும். படகு எப்ப வேணா வாங்கலாம் நண்பர்களே, ஆத்தை வாங்க முடியுமா?