கறுத்த பழமும் கம்பிப் பதமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு வந்ததும் நண்பர்கள் பலரும் இலட்சியம், நட்பு, நாளைய சமுதாயம் என்று பெரிய பெரிய தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது வாழைப்பழம். அதிலும் கறுத்துப்போன பழம். வண்டியில் விலைபோகாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிற பழத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்புத் தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும். அந்தப் பழம் சிரிப்பதற்குரிய பொருள் அன்று என்பது அதை விற்றுப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும்.

என் அப்பா வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவர். அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் பழம் விற்கிறாள். குளித்தலை, முசிறி, தொட்டியம் என்று காவிரியின் இரு கரையிலும் வாழை நிற்கும் நாட்டில் இது ஒன்றும் அரிய தொழில் அன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்பு. அப்பா அதற்கும் கீழே. ஆனால் ஒரு பூவன் தாரைத் தூரத்தில் பார்த்தே எத்தனை சீப்பு, எத்தனை நாளில் பழுக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று இருவரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை.

வாழைப்பழ வியாபாரத்தில் உள்ள தொல்லை என்னவென்றால், பழம் தனியாகப் பழுப்பதில்லை. சுற்றத்தையும் சேர்த்துக்கொண்டு பழுக்கிறது. பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு பக்கத்துக் காயையும் பழுக்கத் தூண்டுகிறது. மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் பழைய முறையிலும் புகையோடு சேர்ந்து வேலை செய்வது இதே வாயுதான். ஆகவே தார் முழுதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மஞ்சளாகி, ஒரே நேரத்தில் புள்ளி விழுந்து, ஒரே நேரத்தில் கறுக்கும். முகூர்த்த நாளும் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வந்தால் கவலை இல்லை. ஐப்பசியில் மழை மூன்று நாள் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. அம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பாள். ஒரு கோடு என்றால் ஒரு சீப்பு. மாட்டுக்குப் போன சீப்பு.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு முதல் நாள் வாங்கிய ஆறு தார் எங்கள் திண்ணையில் இருந்தன. பேருந்து நிலையம் பூட்டிக் கிடந்தது. வண்டிக்கு எதிரே ஆள் நடமாட்டமே இல்லை. முதலில் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தோம். பிறகு நாங்களே மூன்று வேளையும் தின்றோம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பசுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுவரில் கோடு போட இடம் போதவில்லை. அந்த ஆறு தாருக்கு வாங்கிய கடனை அடைக்க இரண்டு ஆண்டு பிடித்தது. அந்த நாள்களில் வீட்டில் பரவிய புளித்த வாடை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. வேதியியல் படித்த பிறகுதான் அது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாக்கும் வாடை என்று அறிந்தேன். பெயர் தெரிந்ததால் வாடை குறைந்துவிடவில்லை.

இந்த ஆண்டு கார்போஹைட்ரேட்டுப் பாடம் நடத்துகையில் எங்கள் பேராசிரியை அவர்கள் பெக்டினைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். பழங்களின் செல் சுவரில் இருக்கும் பசை அது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலார் ஆன்றி பிரக்கோனோ அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். சர்க்கரையும் அமிலமும் தக்க அளவில் சேர்ந்தால் அது வலைபோல் பின்னிக்கொண்டு நீரைப் பிடித்து நிறுத்தும். ஜாம் உறைவது அதனால்தான் என்றார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக்கூட வராத செய்தி. எனக்கோ அன்று மாலை வரை வேறு எதுவும் மனத்தில் ஏறவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கோடுகளே நினைவில் நின்றன.

அம்மாவிடம் சொன்னேன். "ஜாமா? அது ரொட்டிக்குத் தடவுறதில்ல? நம்ம வீட்டுல ரொட்டி ஏது பாப்பா?" என்றாள். ஆயினும் மழைக்கால மாலைகளில் அவளுக்குக் கை சும்மா இருக்காது. சரி, பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் எனக்கு வரும் ஆயிரம் ரூபாயில் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கினேன்.

முதலில் சிறிய அளவில் இரண்டு கிண்ணம் செய்து பார்த்தோம். ஒன்றில் பழமும் சர்க்கரையும் மட்டும். மற்றதில் எலுமிச்சைச் சாறும். ஆய்வகத்தில் வெற்றுச் சோதனை என்று ஒன்று செய்கிறோமே, அதுபோல. எலுமிச்சை இல்லாதது கிண்டக் கிண்ட அல்வாவைப்போல் இறுகி, ஆறியதும் கையில் ஒட்டியது. மற்றது ஆறியதும் உறைந்து, கரண்டியால் தட்டினால் அதிர்ந்தது. வாழைப்பழத்தின் பி.எச். மதிப்பு ஐந்தை ஒட்டியது. பெக்டின் உறைய அது ஏறத்தாழ மூன்றரைக்குக் கீழே இறங்க வேண்டும். எலுமிச்சை அந்த வேலையைச் செய்கிறது. அம்மா இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது தெகட்டுது. அது சாப்பிட்டா இன்னொரு வாய் கேக்குது" என்றாள். என் பாடநூலில் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். பழம் கனியக் கனியப் பெக்டின் சிதைந்துகொண்டே போகிறது. நன்றாகக் கறுத்த பழத்தில் இனிப்பும் மணமும் உச்சத்தில் இருக்கும். உறைய வைக்கும் பசையோ குறைந்திருக்கும். ஆகவே கால் பங்கு கெட்டியான நல்ல பழம் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வித்தாக் காசு வர பழத்த எதுக்கு அடுப்புல போடணும்? கெட்டதக் காப்பாத்தத்தான இந்தப் பாடு?" அவள் கேட்டதில் தவறே இல்லை. அப்பாயி திண்ணையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "கொல்லையில கொய்யா உதிருதே, அதுல பசை உண்டாடி?" என்றார். உண்டு, வேண்டிய மட்டும் உண்டு. செங்காய்ப் பருவத்துக் கொய்யா பெக்டினுக்குப் பெயர் போனது. நான்கு கொய்யாவை வேகவைத்து, விதை போக வடிகட்டிச் சேர்த்தோம். காசும் இல்லை, சண்டையும் இல்லை.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செய்து பார்க்க விரும்புவோர்க்குப் பயன்படும். நூலகத்தில் நான் பார்த்த நூலில், பழக்கூழுக்குச் சம எடை சர்க்கரை சேர்த்து, மொத்த எடை சர்க்கரையைப்போல் ஒன்றரை மடங்காகும்வரை காய்ச்ச வேண்டும் என்று இருந்தது. பல பழங்களுக்கு அது பொருந்தும். வாழைக்குப் பொருந்தாது. கனிந்த வாழைப்பழத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சர்க்கரையே இருக்கிறது. காயாக இருந்தபோது மாவாக இருந்ததெல்லாம் பழுக்கையில் சர்க்கரையாகிவிடுகிறது. ஆகவே கணக்கை நானே போட்டேன். தோலுரித்த பழம் 2 கிலோ. அதில் சர்க்கரை ஏறத்தாழ 400 கிராம். நாம் சேர்ப்பது 1 கிலோ. ஆக 1 கிலோ 400 கிராம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஜாமில் கரைந்துள்ள திடப்பொருள் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையக்கூடாது. 68 பங்கு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 2 கிலோவுக்குச் சற்றுமேல் வரும்போது இறக்க வேண்டும். நூலில் கண்டபடி இரண்டு கிலோ சர்க்கரை போட்டு மூன்று கிலோவில் இறக்கினால் திடப்பொருள் 80 பங்காகி, ஆறியபின் கற்கண்டுபோல் மணல் தட்டும். கணக்கை அம்மா விரல்விட்டுச் சரிபார்த்தாள். ஒரு கிலோ சர்க்கரை மிச்சம் என்றதும்தான் அவளுக்குப் படிப்பின்மேல் சற்று நம்பிக்கை பிறந்தது.

செவ்வாழையும் நேந்திரமும் எடைக்கு விற்பதால் வண்டியில் தராசு உண்டு. வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொண்டோம். எவர்சில்வர் குண்டான்தான் ஏற்றது. ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகா. பழத்தின் தோல் கறுத்திருக்கலாம்; சதை கறுத்துச் சாராய வாடை அடித்தால் அதைச் சேர்க்கவே கூடாது; அது மாட்டுக்குரியது. மசித்த உடனே பாதி எலுமிச்சைச் சாற்றைக் கலந்துவிட வேண்டும். இல்லையேல் காற்றுப்பட்டு நொதி வேலை செய்து கூழ் கறுக்கும். மீதிச் சாற்றை இறக்குவதற்குச் சற்றுமுன் சேர்த்தோம்; புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் இருக்கும் பெக்டினும் அறுந்துபோகும். எட்டுப் பழத்துச் சாறு பிடித்தது. கூழ் கொதிக்கும்போது எரிமலைபோல் தெறிக்கும். நீளமான மரத்துடுப்பு வேண்டும். கையில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அம்மா ஒரு மணி நேரத்துக்குமேல் கிண்டினாள்.

கொதிநிலை 105 பாகை செல்சியசுக்கு வரும்போது இறக்க வேண்டும் என்பது நூல் மரபு. வெப்பமானி எங்கள் வீட்டில் இல்லை. ஆய்வகத்துப் பாதரச வெப்பமானியை உணவில் இடுவதும் தகாது. "எதுக்கு அதெல்லாம்?" என்றாள் அம்மா. அதிரசப் பாகு பார்த்த கை அது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று அவள் சொல்வதெல்லாம் நீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறுவதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாய்த்தாள். ஓடவில்லை, மெல்ல நகர்ந்து நின்றது. "போதும், எறக்கு" என்றாள். தராசில் வைத்தேன். பாத்திரம் போக 2 கிலோ 100 கிராம்.

கொதிநீரில் இட்டு உலர்த்திய கண்ணாடிப் புட்டிகளில் சூட்டோடு ஊற்றினோம். செம்மண்ணும் தேனும் கலந்தது போன்ற நிறம். எட்டுப் புட்டி வந்தது. முதல் புட்டியை அப்பா மண்டிக்கு எடுத்துப் போனார். சுமைக்காரர்கள் பன்னில் தடவித் தின்றுவிட்டு, புட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினார்கள். "படிச்சு என்ன செய்யப் போற?" என்று இரண்டாண்டாகக் கேட்டுவந்த பெரியப்பா ஒரு புட்டியை வாங்கிப் போனார். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை; புட்டியும் திரும்பி வரவில்லை.

வணிகப் பார்வையோடு பார்க்கும் நண்பர்களுக்காகச் செலவையும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை, எலுமிச்சை, எரிவாயு, பழைய புட்டி எல்லாம் சேர்ந்து புட்டிக்கு 20 ரூபாய் அளவில் வந்தது. இலாபம்தானே என்று நான் மகிழ்ந்தேன். அம்மா, "என் கூலி எங்க பாப்பா?" என்றாள். இரண்டு மணி நேரம் வண்டியில் நின்றால் வரக்கூடியதை அதில் சேர்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஆகவே வெயில் நாளில் ஜாம் இல்லை. வண்டி தள்ள முடியாத மழை நாளில் மட்டும் என்று அவளே வரையறுத்துவிட்டாள். கடையில் வைத்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 1993 முதல் திருச்சியில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வாழைப் பொருள்கள் செய்யப் பயிற்சி தருகிறார்கள். அம்மாவை அழைத்துப் போக வேண்டும். ஒரு நாள் வியாபாரம் போகுமே என்பதால் அதுவும் மழை நாளுக்குக் காத்திருக்கிறது.

இது பஞ்சாமிர்தம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. அன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தை அடுப்பில் ஏற்றுவதில்லை. நீர் குறைந்த விருப்பாச்சி மலைவாழையும் சர்க்கரையும் தேனும் நெய்யுமே அதைக் காக்கின்றன. எங்கள் பூவன் ஆற்றங்கரைப் பழம், நீர் மிகுதி. அதற்கு அடுப்பு வேண்டும்.

கற்பூரவல்லி இதைவிட இனிப்பாயிற்றே, அதில் செய்தால் சர்க்கரை இன்னும் குறையுமா என்று அம்மா இப்போது கேட்டிருக்கிறாள். எவ்வளவு குறையும் என்பதை ஊகமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. துறையில் உள்ள ஒளிவிலகல்மானியில் சாற்றை அளந்து பார்க்கப் பேராசிரியை அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை ஒரு சீப்பு கொண்டு வருகிறேன். அளப்பதற்கு இரண்டு பழம் போதும். மீதியை உண்ண விரும்புவோர் மூன்றாம் பாட வேளைக்குப்பின் ஆய்வகத்துக்கு வெளியே வரலாம்.